வெளுத்த ஸ்பாஞ்சு

சலவைக் கடைக்காரருக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. யாரைப் பார்த்தாலும் முதலில் சட்டைக் காலரைப் பார்ப்பார், அப்புறம்தான் முகம். அப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய்த் தன் தோட்டத்துக் குளத்தை ஒப்படைத்துவிட்டு, அக்கா இரண்டு வாரம் மகள் வீட்டுக்குக் கிளம்பினாள்.

"காலையில ஒரு சிட்டிகை தீனி போடு. வேற எதையும் தொடாத" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தாள்.

அது லேசில் வந்த சாவியில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அத்தான் இறந்த வாரம், உதவி செய்கிறேன் பேர்வழி என்று, கதவுக்குப் பின்னால் தொங்கிய அத்தானின் சட்டையை எடுத்துப்போய்த் துவைத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து நீட்டினார் தம்பி. அக்கா அதை முகத்தில் வைத்துப் பார்த்தாள். அத்தானின் வாசம் போயிருந்தது. "நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்று இவர் எகிற, பேச்சு அன்றோடு நின்றது. ஆறு மாதமாகத்தான் மறுபடி வீட்டுக்குள் விடுகிறாள்.

குளம் அத்தான் வெட்டியது. ஒன்பது தங்கமீன்களும் அவர் வளர்த்தவை. பெரியதற்கு மேனேஜர் என்று பேர். யார் கரைக்கு வந்தாலும் முதல் ஆளாக வந்து விசாரித்துவிட்டுப் போகும்.

நான்கு நாள் ஒழுங்காகத்தான் போயிற்று. ஐந்தாம் நாள் கை சும்மா இருக்காமல் குளத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டியைத் திறந்தார். உள்ளே ஸ்பாஞ்சு பழுப்பேறி, வழவழவென்று இருந்தது. இந்த அழுக்கு வழியாகவா மீன் குடிக்கிற தண்ணீர் வருகிறது? உடனே கடைக்குக் கொண்டுபோய்ப் பெரிய மெஷினில் போட்டு, சுடுதண்ணீரில் இரண்டு சுற்று விட்டார். வெள்ளை வெளேரென்று வந்தது. அக்கா பார்த்தால் அசந்துபோவாள் என்று நினைத்துக்கொண்டே மாட்டினார்.

ஏழாம் நாள் காலையில் மேனேஜர் விசாரிக்க வரவில்லை. மேலே மிதந்தபடி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மற்ற எட்டும் அப்படியே. தீனியை எதுவும் சீண்டவில்லை. ஒரு பாட்டிலில் குளத்துத் தண்ணீரை மொண்டுகொண்டு வண்ணமீன் கடைக்கு ஓடினார்.

கடைக்கார அம்மா கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். சற்று நேரத்தில் தண்ணீர் கரும்பச்சையானது.

"மஞ்சளா இருக்கணுங்க. அமோனியா எக்கச்சக்கமா ஏறியிருக்கு. வடிகட்டியை என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலையே. துவைச்சேன், அவ்வளவுதான்."

அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த வழவழப்புலதாங்க நல்ல கிருமி குடியிருக்கும். மீன் கழிவு விஷமாகாம பார்த்துக்கிறதே அதுதான். மொத்தத்தையும் காலி பண்ணிட்டீங்களே!"

அவருக்குச் சட்டை ஞாபகம் வந்தது. மறுபடியும் அதையே செய்து தொலைத்துவிட்டோமே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த ஒன்பதும் போய்விட்டால் அக்கா இந்த ஜென்மத்தில் முகம் கொடுக்க மாட்டாள்.

"அழாதீங்க, காப்பாத்திடலாம். தீனியை நிறுத்துங்க. தினமும் மூணுல ஒரு பங்கு தண்ணியை மாத்துங்க. குழாய்த் தண்ணியில இந்தப் புட்டி மருந்தைக் கலந்து குளோரினை எடுத்துட்டுத்தான் ஊத்தணும். காத்து மோட்டார் நிக்கவே கூடாது." பிறகு தன் தொட்டி ஒன்றிலிருந்து பழுப்பு ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்து, அந்தத் தண்ணீரோடு பையில் போட்டுக் கொடுத்தார். "இதையும் உங்க வடிகட்டியில வைங்க. கழுவிடாதீங்க."

"கழுவினா கையை வெட்டிடுங்க" என்றார் சலவைக் கடைக்காரர்.

அப்புறம் தினமும் கடைக்கு அரை நாள் விடுமுறை. வாளி வாளியாக மொண்டு இடுப்பு கழன்றுபோயிற்று. அந்த அம்மா கொடுத்தனுப்பிய சோதனைக் குழாயில் கரும்பச்சை பச்சையானது, பச்சை இளம்பச்சையானது. பதின்மூன்றாம் நாள் மஞ்சள்! சந்தேகத்தில் இன்னொரு தடவை பார்த்தார். மஞ்சளேதான். கரைக்குப் போனால் மேனேஜர் வந்து அவர் விரலை முட்டி விசாரித்தது. வெள்ளைக் கால்சட்டையோடு சேற்றிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். உயிர் திரும்பி வந்தது மேனேஜருக்கா இவருக்கா என்று சொல்ல முடியாது.

மறுநாள் அக்கா பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் குளத்துக்குத்தான் போனாள். எண்ணினாள். ஒன்பது. வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருக்கலாம்.

"அக்கா, நான் அந்த ஸ்பாஞ்சைத் துவைச்சுட்டேன்" என்றார். எல்லாவற்றையும் சொன்னார், மெஷினில் விட்ட இரண்டாம் சுற்று உட்பட. "தப்புதான்கா. அன்னைக்குச் சட்டையும் தப்புதான்."

அக்கா திரும்பினாள். "இதைச் சொல்ல உனக்கு மூணு வருஷமாடா?" என்றாள். குரல் உடைந்திருந்தது, ஆனால் கோபம் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். "பூரா அழுக்குத் துணி. எடுத்துட்டுப் போ."

அவர் பெட்டியைத் திறந்தார். கை பரபரத்தது. ஆனாலும் எதையும் தொடாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"எதெதைத் துவைக்கலாம்கா?"

அக்கா குனிந்து, பேத்தி படுத்திருந்த சின்னத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். அதில் பால் கறை அப்பட்டமாகத் தெரிந்தது.

"இதைத் தவிர எல்லாத்தையும்" என்றாள்.