வாசற்கல்லும் அமிழ்ந்தது

இரவெல்லாம் பெய்து ஓய்ந்த மழையின் ஈரம் காலைக் கதிரில் ஆவியாய் எழுந்துகொண்டிருக்க, ஒருகாலத்தில் சதுப்பாய்க் கிடந்து பின்னர் மண்கொட்டி மேடாக்கப்பட்ட அந்நிலத்தின்மேல், நான்கடுக்குக் குடியிருப்பொன்று நீர்த்துறையில் நிற்கும் களிறுபோல் அசைவற்று நின்றது. தொலைவில், பாறையிற் கால்பதித்த பழைய பாலம் கால்வாயைக் கடந்து கிடந்தது. குடியிருப்பின் உச்சியிலோ, ஐந்தாம் அடுக்கு எழுப்புதற்கெனச் செங்கற்கள் குவிந்திருந்தன.

அடியிலுள்ள மென்களிமண் மூன்றாண்டில் இரண்டு விரற்கடை அமிழுமெனக் கணித்துத் தந்தவர் அளவையாளர். சுவர்களிற் பதித்த பித்தளைக் குறிகளை மாதந்தோறும் மட்டம் பார்க்கும் கண்ணாடியால் நோக்கி ஏட்டில் எழுதுவதும் அவர் பணியே. ஓராண்டாக வீடு ஒரு நூலளவும் இறங்கவில்லை என்றே அவ்வேடு காட்டிற்று. அதை நம்பியே வீட்டுக்காரர் ஐந்தாம் அடுக்கிற்குத் துணிந்தார்.

கீழ்த்தளத்தில் வாழ்ந்த அளவையாளரின் தமக்கை, அன்று அவரை வாயிலிலேயே மறித்தாள்.

"தம்பி, பாத்திரம் கழுவின தண்ணி தெருவுக்குப் போகாம, திரும்பி அடுப்படிக்கே வருதுடா."

"குழாய் அடைச்சிருக்கும்க்கா. வீடு ஒரு நூல்கூட இறங்கல."

"அடைப்பு எடுக்கிறவர் மூணு தடவ வந்துட்டார். இனி அவருக்கு இங்கயே பாய் விரிச்சுட வேண்டியதுதான். உன் கண்ணாடி சொல்றதக் கொஞ்சம் தண்ணிகிட்டயும் சொல்லிட்டுப் போ!"

நகைத்தவாறே திரும்பிய அளவையாளரின் பார்வை வாசலோரக் கல்லின்மேல் விழ, நகை அவிந்தது. தெருவினும் வீடு தாழ்ந்தாலன்றி நீர் மீளுமோ? அவர் அளவெல்லாம் அக்கல்லை அசையாததெனக் கொண்டு எடுத்தவை. முறைப்படி, பாறைமேல் நிற்கும் பாலத்திற் பொறித்த குறியிலிருந்தன்றோ தொடங்கியிருக்க வேண்டும்? ஆயினும், அவருடன் வந்து அளவுகோல் பிடிப்பவர் ஒரு காலை இழுத்து நடப்பவர். அவரை அவ்வளவு தொலைவு நடத்தி மேடேற்றலாகாதென இரங்கி, கல்லே போதுமென்று முதல்நாளே அமைந்துவிட்டார். கல்லும் வீடும் ஒரே சேற்றில் ஒருங்கே தாழின், ஓடத்துள் இருப்பார்க்கு ஓடம் அசையாததுபோல், அளவும் மாறாதன்றோ!

"பாலம் வரைக்கும் போகணும்," என்றார், அருகே நின்ற கோல் பிடிப்பவரின் முகம் பாராமல்.

"இத்தன நாளா எனக்காகவா விட்டீங்க? நொண்டி நான்தான் அய்யா, கோல் இல்ல! ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

பாலத்திலிருந்து படிப்படியாய் அளந்து நண்பகலில் மீண்டபோது உண்மை வெளிப்பட்டது. வீடு கட்டியபோது பாலத்திலிருந்து எடுத்த பழைய அளவோடு ஒப்பிட, கல்லும் வீடும் ஐந்து விரற்கடை அமிழ்ந்திருந்தன.

"ஒரு செங்கல்கூட இனி ஏத்தாதீங்க, ஏத்தினதையும் இறக்குங்க. எல்லாரும் வெளிய வந்துடணும்," என்றார் அளவையாளர் வீட்டுக்காரரிடம்.

வீட்டுக்காரர் சினந்து, "இறங்கலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது யாரு?" என்றார்.

"நான்தான். தப்பு மண்ணோடது இல்ல, என்னோடது."

மாலைக்குள் செங்கற்கள் இறங்கின. குடும்பங்களும் ஒவ்வொன்றாய் இறங்கின. தமக்கையின் மூட்டையைத் தோளிலேற்றிக் காலை இழுத்து நடந்தார் கோல் பிடிப்பவர். அதனைப் பறித்துச் சுமக்க விரைந்த அளவையாளர், கையை மடக்கிக்கொண்டு, "கனமா இருக்கா?" என்று கேட்டார்.

"கொஞ்சம். அந்த முனையப் பிடிங்க, போதும்."

இருவரும் ஒரு சுமையைப் பகிர்ந்து நடந்தனர். பிறர்க்கு இரங்குவது நன்று. இரங்கப்படுவாரை ஒரு சொல் கேட்டபின் இரங்குவது அதனினும் நன்று. பின்னால், விளக்கேற்றுவாரின்றி இருண்டு நின்ற அவ்வீடு நிலைக்குமோ என்பதை, அச்சேற்றையும் படைத்த இறைவனே அறிவான்.