பொருள் எண் இருபத்தேழு

நகராட்சிக் கூட்டம் என்றால் ஊர் நன்மைக்காக வாய் கிழியப் பேசுவார்கள் என்று நினைப்பவர்கள் ஒரு தடவையாவது வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். பதினோரு மணிக்குக் கூட்டம் தொடங்கும். முதல் ஏழெட்டுப் பொருள்களுக்குக் கைகலப்பு ஆகாத குறைதான். ஒரு சாக்கடைக்கே முக்கால் மணி நேரம் போகும். அப்புறம் ஆளாளுக்குக் கொட்டாவி வரும். ஒரு மணி ஆனதும் தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பார், மீதி இருக்கும் பொருள்களெல்லாம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். அடுத்த கூட்டம் இரண்டு மாதம் கழித்து. பதினோரு வருடமாக இதுதான் நடக்கிறது.

அந்தப் பதினோரு வருடமும் தலைவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜையில் உட்கார்ந்து, நடப்பதை எழுதியவள் அவள். ஆபீசில் அவளுக்கு மினிட்ஸ் அக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கூட்டத்துக்கு வரும் பொருள்களுக்கு எண் போட்டுப் பட்டியல் தட்டுவதும் அவள்தான். எதை முன்னால் போடுகிறாய், எதைப் பின்னால் போடுகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கோப்பு வந்த வரிசையில்தான் போட்டு வந்தாள்.

அந்த மாதம் நான்காவதாக வந்த கோப்பைப் பிரித்தவள் அதை இரண்டு தடவை படித்தாள். நகராட்சிப் படிப்பகம் பழுதாகிவிட்டதாம், இடித்துவிட்டு இருசக்கர வாகனம் நிறுத்த இடம் கட்ட வேண்டுமாம். அடியில் பொறியாளர் கையெழுத்து. சுவரில் இருந்த விரிசலைப் படம் எடுத்து ஒட்டியிருந்தார்கள். விரிசல் இருந்தது உண்மைதான். நகராட்சிக் கட்டடத்தில் விரிசல் இல்லாத சுவர் எங்கே இருக்கிறது?

அந்தப் படிப்பகத்தில்தான் அவள் புருஷன் காலை பத்திலிருந்து மாலை ஐந்தரை வரை உட்கார்ந்திருப்பார். அதே நகராட்சியில் குழாய் ஃபிட்டராக இருந்தவர். ஐம்பத்தொரு வயதில் மறதி வந்தது. முதலில் ஸ்பேனரை எங்கே வைத்தோம் என்பதை மறந்தார். அப்புறம் ஸ்பேனர் எதற்கு என்பதை மறந்தார். இப்போது வயது ஐம்பத்து நாலு. வீட்டிலிருந்து படிப்பகத்துக்கு ஒரே தெரு. திருப்பம் கிடையாது, சாலையைத் தாண்டவும் வேண்டாம். உலகத்தில் அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பேப்பரின் ஒரே பக்கத்தை நாள் முழுக்கப் படிப்பார். ஒரு மணிக்குக் காவலாளி அவர் டிபன் பாக்ஸைத் திறந்து கொடுப்பார், பாத்ரூமுக்குக் கூட்டிப்போவார். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது அவள் கூட்டிக்கொண்டு போவாள். அந்த இடம் இருந்ததால்தான் அவள் வேலைக்குப் போக முடிந்தது, அவரும் மனிதனாக வெளியே போய் வந்தார்.

அதனால்தான் அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பட்டியலில் கை வைத்தாள். நான்காவது பொருளை எடுத்துக் கடைசியில், இருபத்தேழாவதாகப் போட்டாள். எப்போதும் போல ஒரு மணிக்குக் கூட்டம் முடிந்தால் அது தள்ளிப்போகும். அதற்குள் நிதியாண்டு முடிந்து, திட்டத்துக்கு ஒதுக்கிய நிதி திரும்பிப் போய்விடும். அப்புறம் அந்தக் கோப்பை எடுத்துப் பார்க்க நாதி இருக்காது. தட்டி முடித்ததும் தனக்கு இவ்வளவு கெட்டிக்காரத்தனம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் சிரித்துக்கொண்டுகூடப் போனாள்.

கூட்டத்தன்று காலை ஒன்பதாவது வார்டு உறுப்பினர் தாழ்வாரத்தில் அவளைப் பிடித்துக்கொண்டார். சைக்கிள் கடை வைத்திருப்பவர். பேசினால் சபை அதிரும், பேசாவிட்டால் ஆள் இருப்பதே தெரியாது. கையில் ஒரு கட்டுக் காகிதம் வைத்திருந்தார்.

"ஏம்மா, படிப்பகம் எத்தனாவதா வருது? நாலா?"

"இல்லைங்க, கடைசில இருக்கு. ஒரு மணிக்கு முன்னாடி வராது. அனேகமா இன்னைக்கு வரவே வராது."

"அப்படியா? அப்ப நான் கடையில ஒரு வேலைய முடிச்சுட்டுப் பன்னெண்டரைக்கு வந்துடறேன். பையன் வேற லீவு."

"போயிட்டு வாங்க" என்றாள் அவள். விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு எழுத்தர் பட்டியலை மாற்றினாள் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் வேலைக்கே உலை. வாயை மூடிக்கொண்டாள்.

தலைவர் வந்து உட்கார்ந்தபோது அவருடைய வலது கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. முதல் பொருளுக்குக் கன்னத்தைப் பிடித்தார். ஐந்தாவது பொருளுக்குக் கண்ணை மூடினார். எட்டாவது பொருளில் இரண்டு உறுப்பினர்கள் ஒரு தெருவிளக்குக்காகக் கத்திக்கொண்டிருக்கும்போது மேஜையைத் தட்டினார்.

"போதும்யா. கடைவாய்ப் பல்லு உயிரைப் பிடுங்குது. பன்னெண்டு மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்காரு. மிச்சம் இருக்கறதை மொத்தமா பாஸ் பண்ணிடுவோம். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

தெருவிளக்குக்குக் கத்தியவர்களே முதலில் மேஜையைத் தட்டினார்கள். டீ வேறு வாசலுக்கு வந்திருந்தது. ஒன்பதாவது வார்டின் நாற்காலி காலியாக இருந்தது.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றுவிட்டாள். சபையில் எழுத்தர் பேசக் கூடாது, எழுந்து நிற்கவும் கூடாது.

"என்னம்மா?" என்றார் தலைவர்.

"சார்... இருபத்தேழு..."

"ஆமாம்மா, அதுவும்தான். ஒன்பதுலேர்ந்து இருபத்தேழு வரைக்கும். ஏகமனதான்னு போட்டுக்க."

அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அவள் உட்கார்ந்து தீர்மானப் புத்தகத்தைத் திறந்தாள். இருபத்தாறு வரைக்கும் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வரியை விட்டுவிட்டால் என்ன? ஆனால் ஆணையர் எதிரிலேயே உட்கார்ந்து தன் பிரதியில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு, ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது என்று அவள் தன் கையாலேயே எழுதினாள்.

சைக்கிள் கடைக்காரர் சொன்னபடி பன்னிரண்டரைக்கு வந்தார். கூடத்தில் டீ டம்ளர்கள்தான் இருந்தன. விஷயம் தெரிந்ததும் காகிதக் கட்டோடு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நாலாவதா வந்திருந்தா விட்டிருப்பேனா? எட்டுப் பேர்கிட்ட பேசி வச்சிருந்தேன்மா. எவன் இதைக் கடைசில கொண்டுபோய்ப் போட்டது?"

"நான்தாங்க" என்றாள் அவள்.

எதற்காகப் போட்டாள் என்பதையும் சொன்னாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் காகிதக் கட்டை அவள் பக்கமாக நகர்த்தினார். நூற்றுப் பத்துக் கையெழுத்து. முதலில் இருந்தது அவள் புருஷனுடையது. பில் புத்தகத்திலும் சம்பளப் பட்டியலிலும் போட்ட அதே பழைய கையெழுத்து, ஒரு கோணல்கூட இல்லை.

"பேனாவைக் குடுத்ததும் சட்டுனு போட்டாரும்மா. அவருக்காகத்தானே இந்தக் கையெழுத்தே வாங்க ஆரம்பிச்சோம்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இருபத்தேழு பொருள் இருந்த பட்டியலில் ஒன்றே ஒன்றைத் தொட்டாள். தொடாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்கும். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள், புருஷன் தலையிலும் சேர்த்து.

"மறுபடி கொண்டுவர முடியாதா?" என்றார் அவர்.

"ஆறு மாசத்துக்கு முடியாதுங்க" என்றாள். அந்த விதி அவளுக்கு மனப்பாடம்.

ஆறு மாதம் எங்கே, மூன்று வாரத்தில் இயந்திரம் வந்தது. தண்ணீர் வராத தெருவுக்குக் குழாய் போட நாலு வருடம் எடுத்துக்கொள்ளும் நகராட்சி, இடிப்பதென்றால் மட்டும் இறக்கை கட்டிக்கொள்ளும்.

முதல் இரண்டு நாள் புருஷனை ஆபீசுக்கே கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டாம் நாள் அவர் தாழ்வாரத்துக் குழாயைக் கண்டுபிடித்துவிட்டார். கையில் ஸ்பேனர் இல்லாமலேயே அதைக் கழற்றிவிட்டார். ஆவண அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். மேனேஜர் நல்ல மனிதர், "வேணாம்மா" என்று மட்டும் சொன்னார். அப்புறம் நாத்தனார் வீட்டில் நாலு நாள். "என் அண்ணன் எனக்குப் பாரமா?" என்று சொன்னவள், ஐந்தாம் நாள் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். அவளையும் சொல்லிக் குற்றமில்லை, அந்த வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள். அவள் கண் அசந்தால் எல்லாம் போச்சு.

அன்றைக்கே அவர் வீட்டிலிருந்து நழுவினார். பத்து மணிக்கு இடித்த இடத்தில் செங்கல் குவியல் மேல் டிபன் பாக்ஸோடு நின்றிருக்கிறார், கதவு திறக்கட்டும் என்று. இடிபாடு அள்ள வந்த லாரி பின்னால் வந்திருக்கிறது. பழைய காவலாளி அந்த வழியாகப் போனதால் இழுத்துப் போட்டிருக்கிறார். முழங்கை சிராய்ப்போடு தப்பினார்.

வேலையை விட்டால் மருந்துக்கு வழியில்லை. அவரை விட்டால் ஆள் மிஞ்சமாட்டார். அவள் அன்றிரவு எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்தாள். கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது.

மறுநாள் காலை சாப்பாட்டைக் கூடத்தில் எடுத்து வைத்தாள். அடுப்பின் இணைப்பைக் கழற்றினாள். கத்தி, தீப்பெட்டி, ஷேவிங் பிளேடு எல்லாவற்றையும் பீரோவில் பூட்டினாள். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, கையில் பேப்பரைக் கொடுத்தாள். அவர் சமர்த்தாக உட்கார்ந்தார். அவள் வெளியே வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தி, பூட்டைத் தொங்கவிட்டு அழுத்தினாள். சத்தம் வந்துவிட்டது.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. கதவு தட்டப்பட்டது.

"ஏங்க, வெளிய யாராவது இருக்கீங்களா? தெரியாம பூட்டிட்டாங்க போல. உள்ள ஆள் இருக்கேங்க."

அவளால் நகர முடியவில்லை. "இருக்கேன்" என்றாள்.

"சாவி உங்ககிட்ட இருக்குதுங்களா?"

உள்ளங்கையில் அது அழுந்திக்கொண்டிருந்தது. "இல்லைங்க" என்றாள்.

"பரவாயில்லைங்க, நீங்க உங்க வேலையப் பாருங்க. என் வீட்டுக்காரி இப்ப வந்துடுவா. அவ என்னை விட்டுட்டு எங்கயும் போகமாட்டா."

"சரிங்க" என்றாள் அவள்.