ஆடாத மேஜையும் ஓடாத வண்டியும்

சீஃப் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு பாதங்களும் கொஞ்சம் தொந்தியும்தான்.

நாற்பது வருடம் கப்பல் இன்ஜின் அறையில் சீஃப் இன்ஜினியராக ராஜாங்கம் நடத்தியவர். அவர் மேய்த்த இன்ஜின் மூன்று மாடி உயரம். அதன் ஒரு சிலிண்டருக்குள் பிள்ளைகுட்டிகளோடு குடித்தனமே போகலாம் என்பார். கேட்கிற ஆளைப் பொறுத்து மாடி ஒன்றிரண்டு கூடும். அப்பேர்ப்பட்டவரை இன்று மண்ணைக் கவ்வ வைத்திருந்தது, உட்கார்ந்து ஓட்டுகிற ஒரு புல்வெட்டும் வண்டி.

தோட்டத்துப் புல் முழங்காலுக்கு வளர்ந்து கிடந்தது. உள்ளே ஒரு யானை படுத்திருந்தால்கூடத் தும்பிக்கையைத் தூக்கிக் காட்டினால்தான் உண்டு. சாயங்காலம் சம்பந்தி வீட்டார் முதல் முறையாகத் தேநீருக்கு வருகிறார்கள். மனைவி காலையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

“நாலு மணிக்குள்ள புல்லு வெட்டியிருக்கணும். இல்லேன்னா அத்தானோட வண்டியைக் கொண்டாரச் சொல்லிடுவேன். அது உள்ளே வந்துச்சுன்னா, உங்க கிழட்டு வண்டி நேரா காயலான் கடைக்குத்தான்.”

“கப்பலையே ஓட்டினவன்மா நான்!”

“அங்கே உங்களுக்குக் கீழே இருபது பேர் இருந்தாங்க. இங்கே உங்களுக்கு மேலே நான் ஒருத்தி இருக்கேன். யோசிச்சுப் பேசுங்க.”

அத்தான் என்பது அவளுடைய அக்கா கணவர், சீஃபுக்குச் சகலை, பக்கத்து வீடு. நடுவே இடுப்பளவுச் சுவர். சகலைக்குக் கை ஆடாவிட்டால் வாய் ஆடாது. ‘உப்பு’ என்று சொல்லக்கூட அவருக்கு இரண்டு கையும் தேவைப்படும். சுவர் ஓரமாக நாற்காலி போட்டு, சினிமா பார்க்க வந்தவர் போல உட்கார்ந்துவிட்டார்.

“என்ன சகலை, நீங்க வண்டி மேல உட்காருவீங்கன்னு பார்த்தா, வண்டி உங்க மேல உட்கார்ந்திருக்கு?” என்று கைகளால் வண்டியையும் தொந்தியையும் வரைந்து காட்டினார்.

சீஃப் அடியில் கையை விட்டுத் துழாவினார். நோய் அவருக்குத் தெரிந்துவிட்டது. இன்ஜினின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் ஒரு புல்லி உண்டு. சக்கரத்துக்குப் போகிற பெல்ட்டை இழுப்பது அதுதான். போல்ட் தளர்ந்து, புல்லி விரற்கடை இறங்கி, ஆடுகிற பல் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. பிளக் வயரைக் கழற்றி ஓரமாக வைத்தார். தண்டின் துருவைத் தேய்த்தார். புல்லியை மேலே தள்ளி, வாஷரைப் போட்டு, போல்ட்டைக் கண் பிதுங்கும்வரை முறுக்கினார். வயரை மாட்டி, ஏறி உட்கார்ந்து கிளப்பினார்.

இன்ஜின் போட்ட சத்தத்தில் மூன்று தெருக் காக்கைகள் ஊரைக் காலி செய்தன. வண்டி ஒரு முழம் நகர்ந்தது. நின்றது. அதற்குமேல் சத்தம் மட்டும்தான்.

“சங்கீதம் பிரமாதம்!” சகலை தாளம் போட்டார். “என் வண்டிக்குப் பெட்ரோல் ஊத்தி வைக்கட்டுமா?”

சீஃப் மறுபடி அடியில் நுழைந்து, புல்லியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். தண்டில் ஒரு பள்ளம், புல்லியில் ஒரு பள்ளம். இரண்டையும் கோத்துப் பிடிக்க நடுவே ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்க வேண்டும். அது இல்லை. அது இல்லாமல் எத்தனை முறுக்கினாலும் தண்டு தன்பாட்டுக்குச் சுற்றும், புல்லி வேடிக்கை பார்க்கும்.

பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் புல்லெல்லாம் இழுத்தார். இரண்டு ஸ்பூன், ஒரு கத்தரிக்கோல், ஒரு பாத்திரக்கடை திறக்கும் அளவுக்கு மூடிகள் எல்லாம் வந்தன. அந்தத் துண்டு மட்டும் வரவில்லை. மணி மூன்றைத் தாண்டியது. சுவருக்கு அப்பால் சகலையின் புது வண்டி உறுமியது.

சீஃப் தோற்றுப்போய் வீட்டுக்குள் வந்து சாப்பாட்டு மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

மேஜை ஆடவில்லை.

நான்கு வருடமாக, தும்மினால்கூட ஆடுகிற மேஜை. ‘இந்த ஞாயிற்றுக்கிழமை சரி பண்றேன்’ என்று அவர் ஞாயிறுதோறும் சொல்லிவருகிற மேஜை. சீஃப் குனிந்தார்.

“ஏம்மா, இந்தக் கால் அடியில என்ன?”

“போன வாரம் தோட்டத்துல கிடந்துச்சு. அளவெடுத்து வெட்டின மாதிரி பொருந்திடுச்சு. நீங்க எங்கே சரி பண்ணப் போறீங்க?”

“அதைத்தாம்மா காலையிலேர்ந்து தேடிட்டிருக்கேன்! குடு!”

“தொட்டீங்கன்னா பாருங்க! மேஜை ஆடினா சம்பந்தியம்மா மடியில டீ கொட்டும்.”

“புல்லு வெட்டலேன்னா சம்பந்தியம்மாவையே தேட வேண்டியிருக்கும்!”

அவள் ஜன்னல் வழியாகப் புல்லைப் பார்த்தாள். கேட்டை நோக்கி வருகிற புது வண்டியைப் பார்த்தாள். அதன் மேல் ஊர்வலம் வரும் அத்தானையும் பார்த்தாள். பிறகு மேஜையின் முனையைத் தூக்கிப் பிடித்தாள்.

“எடுத்துத் தொலைங்க. டீ சிந்தினா உங்க தலையிலதான்.”

துண்டு பள்ளத்தில் உட்கார்ந்தது. மரக்கட்டையை வைத்து இரண்டு தட்டு. புல்லி வழுக்கிக்கொண்டு மேலேறித் தன் இடத்தில் அமர்ந்தது. போல்ட் ஏறியது, பெல்ட் விறைத்தது. சகலை கேட்டைத் திறக்கவும் சீஃப் எதிரே வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

“வழி விடுங்க சகலை. கப்பல் திரும்புது.”

சம்பந்தி வீட்டார் வந்தபோது புல் புதுசாகக் கிராப்பு வெட்டிய தலை மாதிரி இருந்தது. மனைவி சகலையின் தோளைத் தொட்டு, மேஜையின் ஒரு மூலையில் உட்கார வைத்தாள்.

“அத்தான், ரெண்டு முழங்கையையும் இப்படி அழுத்தி ஊன்றிக்குங்க. அவங்க எழுந்து போற வரைக்கும் எடுத்துடாதீங்க.”

மேஜை மலை போல நின்றது. சம்பந்தி தேநீரை உறிஞ்சியபடி கேட்டார்: “பழைய வண்டி போல இருக்கே. நல்லா ஓடுதா?”

சகலைக்கு வாய் துடித்தது. காலையிலிருந்து நடந்ததெல்லாம் தொண்டைவரை வந்துவிட்டது. வலது கை ஒரு அங்குலம் எழும்பியது. கோப்பைகள் கலகலத்தன.

“அத்தான்!”

கை இறங்கியது. வாயும் மூடியது.

“நல்லா ஓடுதாவா?” சீஃப் சாய்ந்து உட்கார்ந்தார். “கப்பல்ல நான் வெச்சிருந்த இன்ஜினைப் பத்திச் சொன்னேனா? ஏழு மாடி.”

சகலையைப் பார்த்துப் புன்னகைத்தார். “வேணும்னா இவரைக் கேளுங்க.”