மகள் புலம்பல்

காலை ஐந்தரைக்கு எழும்பிக் கிணற்று மோட்டரைப் போடுவேன். தொட்டி நிரம்ப இருபது நிமிடம் எடுக்கும். அதற்குள் முற்றம் கூட்டலாம், நான் கூட்டுவதில்லை. ஒரு தேத்தண்ணி, ஒரு கிளாஸ் பால். ஆறரைக்குச் சந்திக் கடையில் பத்து இடியப்பமும் சொதியும். ஏழு மணிக்கு மகள் யதுசாவுக்குத் தலை இழுத்து இரண்டு பக்கமும் கட்டிவிடுவேன். வகிடு கோணும். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். ஏழே முக்காலுக்கு முன்பள்ளி வாசலில் இறக்கிவிட்டு எட்டு இருபதுக்குப் பிரதேச செயலகத்தில் விரலடையாளம் வைப்பேன்.

யதுசாவுக்கு நாலரை வயது. அவளை எழுப்பத் தேவையில்லை. நான் கண் விழிக்கும்போது அறை வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவசரமில்லாமல், மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது போல. பார்த்து முடிந்ததும் தன் பாட்டில் போய்ப் பல் தீட்டுவாள்.

அவளின் அம்மா, என் மனைவி தனுசியா, இறந்து இருபத்திரண்டாம் நாளும் அப்படித்தான் விடிந்தது. பத்து மணிக்கு முன்பள்ளியிலிருந்து போன் வந்தது. ஊஞ்சல் பலகை அடித்து யதுசாவின் நெற்றி வெடித்துவிட்டது. நான் போனபோது நாகேஸ்வரி ரீச்சர் துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தா. யதுசா கதிரையில் கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள். சட்டை முழுக்க இரத்தம். கண் காய்ந்திருந்தது.

“ஒண்டுமில்லை அப்பா,” என்றாள்.

நாலு தையல். ஊசி போடும்போது டொக்டரின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவர் கெட்டிக்காரி என்று சொல்லி ஒரு டொபி கொடுத்தார்.

பின்னேரம் ரீச்சர் வீட்டுக்கு வந்தா. படலையடியிலேயே நின்று கதைத்தா.

“குறை நினையாதேங்கோ கோகுலன். என்னட்டை இருவத்தாறு பிள்ளையள் இருக்கு. ஒருத்தி பென்சில் கூர் உடைஞ்சாலும் ஊரைக் கூட்டுவாள். அதுகளைப் பற்றி எனக்குப் பயமில்லை. உங்கடை மகள் என்ன செய்தவள் தெரியுமோ? எழும்பி, இரத்தம் விழுந்த இடத்துக்குக் காலாலை மண் தள்ளி மூடினவள். நான் காணக்கூடாதாம்.”

“ஓம்,” என்றேன்.

“ஓம் எண்டால்?”

ரீச்சர் சைக்கிளைத் திருப்பினா.

எனக்குத் தெரியாததை ரீச்சர் சொல்லவில்லை.

தனுசியா பதினைந்து வயதில், கடைசி யுத்தத்தின்போது, வன்னியில் இருந்தாள். அதைப் பற்றி அவள் என்னோடு கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை. அவளுடைய அக்கா உதயகலாதான் ஒருமுறை சொன்னா. யதுசா பிறந்து மூன்று மாதம் இருக்கும் அப்போது. பிள்ளை வீரிட்டு அழுதது. தனுசியா ஓடிப்போய் அதன் வாயைப் பொத்தினாள். உதயகலா கையை இழுத்து எடுக்கவேண்டியிருந்தது. அன்று குசினிக்குள் வைத்து எனக்குச் சொன்னா.

“கடல்நீரேரியை நடந்து தாண்டேக்கை சின்னனுகளின்ரை வாயைப் பொத்திக்கொண்டுதான் எல்லாரும் வந்தனாங்கள். சத்தம் கேட்டால் சுடுவாங்கள். இவளின்ரை கையிலையும் ஆரோ ஒரு பிள்ளையைத் திணிச்சிட்டினம். ஆரின்ரை பிள்ளையெண்டு இண்டைக்கும் தெரியாது. அங்காலைக் கரை ஏறித்தான் கையை எடுத்தவள். அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை அழேல்லை.”

“எண்டால்?”

“நீர் படிச்ச ஆள்தானே கோகுலன். எண்டால் என்ன எண்டு என்னட்டைக் கேக்கிறீர்.”

அதன் பிறகும் இரண்டு மூன்று முறை நடந்தது. அழுகை கேட்டால் கை போகும். கை போனதும் அவளுக்கே தெரியும். எடுத்துவிட்டு அறைக்குள் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள். நாலு நாள், ஐந்து நாள். குளிக்கமாட்டாள். கூப்பிட்டால் கேட்காது. கிளினிக்கில் குளிசை கொடுத்தார்கள். சில மாதங்கள் போட்டாள். நித்திரை தூக்குகிறது, பிள்ளையைக் கீழே போட்டுவிடுவேன் என்று விட்டுவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை.

யதுசா கெதியில் பழகினாள். இரண்டு வயதில், அழுகை வந்தால் தன் கையாலேயே வாயைப் பொத்திக்கொள்வாள். மூன்று வயதில் அதுவும் தேவைப்படவில்லை. தனுசியா எழும்பி நடமாடும் நாட்களில் யதுசா அவளுக்காகச் சிரிப்பாள். பல் தெரிய, கொஞ்சம் அதிகமாக. படுத்திருக்கும் நாட்களில் வாசலில் நின்று முதுகைப் பார்ப்பாள். குழப்படி இல்லாத பிள்ளை என்று அயலட்டையில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். வேலை முடிந்து வருகிறவனுக்கு அமைதியான வீடு வசதிதான். “அம்மா படுக்கிறா, போகாதை, கதவைச் சாத்து” என்று பழக்கியது நான்.

மார்கழி மழையோடு டெங்கு வந்தது. தனுசியா மூன்று நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வழமை என்று நினைத்தேன். கதவைச் சாத்தினேன். ரீவியின் சத்தத்தைக் குறைத்தேன். மூன்றாம் நாள் பின்னேரம் யதுசா வந்து என் சாரத்தைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா சுடுறா.”

“எப்ப தொடக்கம்?”

“நேற்றைக்கும் சுட்டவ. அதுக்கு முதலும் சுட்டவ.”

“ஏன் சொல்லேல்லை?”

“அம்மா படுக்கிறா எண்டு.”

ஓட்டோவில் ஏற்றும்போது தனுசியாவின் தலை தொங்கியது. யதுசா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நான் சத்தம் போடேல்லை அப்பா,” என்றாள். “ஓம், நல்ல பிள்ளை,” என்றேன். அதையும் நான்தான் சொன்னேன். மறுநாள் பின்னேரம் எல்லாம் முடிந்துவிட்டது.

செத்த வீட்டில் யதுசா அழவில்லை. விளங்காத வயது என்றார்கள். நானும் அழவில்லை. எனக்கு முப்பத்திரண்டு வயது.

முப்பத்தோராம் நாள் வாசிப்பதற்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் பாட்டுப் புத்தகம் அடிக்கவேண்டும். சீவரத்தினம் மாஸ்டர் கொப்பியோடு வந்தார். எங்கள் பக்கத்தில் யார் இறந்தாலும் அவர்தான் பாட்டு எழுதுவார். பிறந்த திகதி, தகப்பன் பெயர், குலதெய்வம் எல்லாம் கேட்டார்.

“தங்கச்சியின்ரை குணம் எப்பிடி?”

நான் யோசித்தேன்.

“சரி விடும் தம்பி, அது என்னட்டை இருக்கு. இருவது வருசமா எழுதிறன். இந்த ஊரிலை இன்னும் ஒரு கெட்ட சனம் சாகேல்லை.” சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “கடைசியா என்ன சொன்னவ?”

“ஒண்டும் சொல்லேல்லை மாஸ்டர்.”

“ஏதாவது சொல்லியிருப்பா.”

“இல்லை.”

அது பொய். அவள் சொன்னாள். காய்ச்சலில் பிதற்றியது என்று நான் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. யாரைப் பார்த்துச் சொன்னாள் என்பது எனக்கு நிச்சயமில்லை. மாஸ்டர் கொப்பியில் ஏதோ குறித்துக்கொண்டார். கணவன் புலம்பல், மகள் புலம்பல், தமக்கை புலம்பல் மூன்றும் போடுவோம் என்றார். நான் தலையாட்டினேன். அச்சடித்து வந்த பிறகும் வாசித்துப் பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை காலையில் கீரிமலைக் கடற்கரையில் முடிந்தது. மதியம் வீட்டில் எண்பது பேருக்குச் சாப்பாடு. அதற்கு முன் படத்தடியில் பாய் விரித்து மாஸ்டர் கல்வெட்டை இராகம் போட்டு வாசித்தார். பெண்கள் விறாந்தையில் இருந்தார்கள். என் பகுதி வந்தபோது பின்னால் யாரோ சொன்னது கேட்டது. “பாட்டிலை குழறி அழுகிறார். ஆள் அங்கை தபால்பெட்டி மாதிரி நிக்கிறார்.” இன்னொருத்தி, “சும்மா இரடி, கேக்கப்போகுது,” என்றாள்.

பிறகு மகள் புலம்பல்.

*தாலாட்டித் தூங்கவைத்த தாயே எங்கு சென்றாய்*
*பாலூட்டிச் சீராட்டிப் பார்த்த விழி மூடமுன்னே*
*கண்மணியைக் காத்திடுங்கள் என்று சொல்லிக்*
*கண்ணுறங்கிப் போனாயே என்னைப் பெற்ற அம்மா*

எல்லாத் தலைகளும் திரும்பின. யதுசா சாமியறை வாசலில் நின்றாள். நெற்றியில் பிளாஸ்திரி. பெண்கள் அழுதபடி அவளையே பார்த்தார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். என்ன கேட்கிறார்கள் என்று கண்டுபிடித்த கணம் எனக்குத் தெரிந்தது. முதலில் உதடு கோணியது. பிறகு தோள் குலுங்கியது. “அம்மா, அம்மா” என்றாள். பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி அன்ரி ஓடிப்போய்த் தூக்கி நெஞ்சோடு வைத்து, “இப்பதான் விளங்குது பிள்ளைக்கு,” என்று குழறினா. உதயகலாவும் அழுதா. மாஸ்டர்கூட மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

அன்ரியின் தோளுக்கு மேலால் யதுசாவின் கண்ணை நான் கண்டேன். அதில் ஒரு துளி இல்லை. அது என்னைத் தேடிப் பிடித்து, போதுமா என்று கேட்டது.

தனுசியாவுக்காக அவள் சிரித்த அந்த அதிகமான சிரிப்பை நான் நூறு தடவை கண்டிருக்கிறேன். இது அதே சாமான். முதல் தடவையாக நான் நல்ல பிள்ளை என்று நினைக்கவில்லை.

மூன்று மணிக்குச் சனம் போய்விட்டது. உதயகலா வாழையிலைகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தா. நான் படத்தடியில் உட்கார்ந்திருந்தேன். யதுசா வந்து இரண்டு அடி தள்ளி நின்றாள்.

“அப்பா, நான் சரியா அழுதனானோ?”

உதயகலாவின் கை நின்றது.

“ஆர் அழச் சொன்னது?”

“ஒருதரும் சொல்லேல்லை.” விறாந்தைப் பக்கம் கையைக் காட்டி, “எல்லாரும் பாத்தவை,” என்றாள்.

பிறகு கல்வெட்டுப் புத்தகத்தை எடுத்தாள். வாசிக்கத் தெரியாது. அட்டையில் இருந்த அம்மாவின் முகத்தில் விரலை வைத்தாள்.

“அம்மா அப்பிடிச் சொன்னவவோ? என்னைக் காக்கச் சொல்லி?”

“ஓம் எண்டு சொல்லும்,” என்று உதயகலா மெல்லச் சொன்னா. “சின்னப் பிள்ளை. என்ன குறைஞ்சு போகுது? ஓம் எண்டு சொல்லும் கோகுலன்.”

யதுசா பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எந்தப் பதில் எனக்கு வேண்டும் என்று தேடினாள். நான் ஓம் என்றால் சந்தோசப்படுவாள். அதாவது, சந்தோசப்பட்ட மாதிரி ஒரு முகத்தை எனக்குத் தருவாள். முப்பத்தொரு நாள் என் முகத்தில் ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போனவள். இன்னும் முப்பது வருசம் அப்படி வாசல்களில் நிற்பாள். வேறு ஆட்களின் வாசல்களிலும்.

“இல்லை,” என்றேன். “அது மாஸ்டர் எழுதினது.”

அவள் முகம் மாறவில்லை. சரி என்று தலையாட்டினாள்.

“அம்மா வேறை ஒண்டு சொன்னவ. நான் உனக்குச் சொல்லாமல் விட்டிட்டன்.”

“உமக்கென்ன விசரோ,” என்றா உதயகலா.

நான் நிலத்தில் இறங்கி உட்கார்ந்தேன். என் முகம் அவள் முகத்துக்கு நேரே வந்தது. அதை அவள் பார்த்தாள், நான் ஒளிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிய மணி அடித்துவிட்டார்கள் என்று சொன்னேன். நீ பெரியம்மா வீட்டில் இருந்தாய், சின்னப் பிள்ளைகளை வாட்டுக்குள் விடமாட்டார்கள் என்று சொன்னேன். அம்மா அன்று சுவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. என் இடுப்பளவில், எனக்குப் பக்கத்தில், ஒருவரும் இல்லாத இடத்தைப் பார்த்தா. நீ நிற்கிறாய் என்று நினைத்தாவோ, வேறு பிள்ளையோ, எனக்குத் தெரியாது. தெரியாது என்பதையும் சொன்னேன். அம்மா கையைத் தூக்கப் பார்த்தா, ஊசி ஏற்றியிருந்ததால் முடியவில்லை. அம்மா சொன்னதை அம்மா சொன்ன மாதிரியே சொன்னேன்.

“இஞ்சாருங்கோ, உவள் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறாள்? கையை எடுக்கச் சொல்லுங்கோ. எல்லாரும் கரைக்கு வந்திட்டம். இனி அழலாம் எண்டு சொல்லுங்கோ.”