அனுபவத்தில் கண்டது

நலத்துறையில் முப்பத்து மூன்று வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். அலுவலகத்தில் அவருக்கு ‘உட்பிரிவு’ என்று பெயர். டீ குடிக்கக் கூப்பிட்டால்கூட எந்த விதியின்படி என்று யோசிக்கிற ரகம். அப்பேர்ப்பட்ட மனிதரை அவருடைய துறையே ஒற்றை வரியில் மடக்கிவிட்டது.

அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகிறது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன; பேச்சு நல்லவேளையாகத் தப்பியது. தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் எழுபத்திரண்டு வயது உட்பிரிவுதான். போன வாரம் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ள, இரண்டு பேருமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரி வந்து தூக்கிவிடும்வரை முக்கால் மணி நேரம் சுவரில் சாய்ந்தபடி இருந்தார்கள்.

தினமும் காலையில் வீட்டுக்கே ஒரு பணியாளரை அனுப்பும் திட்டம் அரசிடம் இருந்தது. விண்ணப்பித்தார். வீட்டில் வயதுவந்த உறவினர் இருப்பதால் தகுதியில்லை, முடியாவிட்டால் நோயாளியைக் காப்பகத்தில் சேர்க்கலாம் என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்யப் பத்து நாள் அவகாசம். காப்பகம் என்று அவர் வாசித்ததை மனைவியும் கேட்டாள். அன்று ராத்திரி சாப்பாட்டைப் பாதியிலேயே போதும் என்றுவிட்டாள்.

பதில் எழுதிய அதிகாரியை நாலு வார்த்தை கேட்கத்தான் உட்பிரிவு கிளம்பினார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று பாதி வழியில் தோன்றவே, பொது நூலகத்துக்குத் திரும்பினார். இந்த விதியை எந்த மகானுபாவன் எழுதினான், என்ன காரணம் சொன்னான் என்று தெரிந்துவிட்டால் அந்தக் காரணத்தைத் தவிடுபொடியாக்கிவிடலாம் என்பது அவர் நினைப்பு. தானே அந்தத் துறையில் ஆயிரம் வரி எழுதியவர் என்பதெல்லாம் அப்போது அவருக்கு நினைவில் இல்லை.

பழைய அரசு அறிக்கைகள் மாடியில் இருந்தன. வெளியே எடுத்துப்போக முடியாது. ஒரு சீட்டுக்கு ஒரு தொகுதிதான் தருவார்கள். உட்பிரிவு பழக்கதோஷத்தில் சீட்டில் கோப்பு எண்ணை எழுதி நீட்டினார். நூலகர் அம்மாள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இங்கே கோப்பு எண் செல்லாது, விஷயத்தையும் வருஷத்தையும் சொல்லுங்கள் என்றார். வருஷம்தான் தெரியாதே. அதற்கும் அந்த அம்மாள் வழி வைத்திருந்தார். இன்றைய விதிப்புத்தகத்தில் அந்த வரியின் அடிக்குறிப்பைப் பாருங்கள். அது எந்த ஆணையால் திருத்தப்பட்டது என்று சொல்லும். அந்த ஆணையின் முன்னுரையைப் பாருங்கள். அது அதற்கு முந்திய ஆணையைக் காட்டும். இப்படி வாலைப் பிடித்துக்கொண்டே தலைக்குப் போகவேண்டியதுதான்.

அடுத்த வீட்டுக்காரி தினம் இரண்டு மணி நேரம்தான் மனைவிக்குத் துணை இருப்பாள். அந்த இரண்டு மணி நேரத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். வீட்டுக்கு வந்து, விதியை எழுதிய முகம் தெரியாத அந்த ஆளை மனைவியிடம் வாய்வலிக்கத் திட்டினார்.

நான்காம் நாள், சாம்பல் நிற அட்டை போட்ட ஒரு மெல்லிய குழு அறிக்கையில் அந்த வரி இருந்தது. ‘வயதுவந்த உறவினர் ஒருவர் வீட்டில் இருக்குமிடத்தில் வெளியார் உதவி தேவைப்படுவதில்லை என்பது அனுபவத்தில் கண்டது.’

“யாரோட அனுபவம்?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். எதிர் மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். குறிப்பு தயாரித்தவர் பெயர் அடியில் இருந்தது. கூடவே, வால் நீண்ட கையெழுத்தும் இருந்தது. இரண்டும் உட்பிரிவினுடையவை.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த வருடம் நினைவுக்கு வந்தது. அவருடைய அம்மா படுத்த படுக்கையாக வீட்டில் இருந்த காலம். காலையில் ஒன்பதுக்குப் போய் ஏழுக்குத் திரும்புவார். அம்மா குளித்து, சாப்பிட்டு, சலவை விரிப்பில் படுத்திருப்பாள். ஒரு குறை இருந்ததில்லை. கண்டதைத்தான் எழுதினார்; பொய் எழுதவில்லை. அதையெல்லாம் யார் செய்தார்கள் என்று பார்க்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட, மனைவியை உடனே பார்க்கவேண்டும் போல இருந்தது.

அறிக்கையை மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

“கிடைச்சுதா சார்?”

“ஆள் கிடைச்சுட்டான்மா.”

அவர் குரலில் என்ன கேட்டதோ, நூலகர் அறிக்கையைப் பிரித்து அந்தப் பக்கத்தைப் படித்தார். பிறகு தாளைப் புரட்டினார். பின்பக்கத்தில் குழுத் தலைவர் ஒரு வரி சேர்த்திருந்தார்: இந்த விதி இரண்டு ஆண்டுகளுக்குச் சோதனையாக மட்டுமே, அதன்பின் வீடுகளில் நோயாளிகளைக் கவனிப்பவர்களைக் கேட்டு மீளாய்வு செய்யவேண்டும். அடுத்த நாள் இருவரும் பின்வந்த ஆண்டறிக்கைகளை எல்லாம் அலசினார்கள். மீளாய்வு நடந்ததாக ஓர் எழுத்துகூட இல்லை. அவர் பெயர் இல்லாத பின்பக்கம் மட்டும் நகல் போதுமா என்று நூலகர் மெதுவாகக் கேட்டார். இரண்டு பக்கமும் வேண்டும் என்றார் உட்பிரிவு.

உங்களைத் தவிக்கவிடுவானேன், முடிவைச் சொல்லிவிடுகிறேன். மேல்முறையீடு பலித்தது. மூன்றாம் வாரம் காலை எட்டு மணிக்கு ஒரு பணியாளர் வாசலில் வந்து நின்றாள். அது அந்தப் பின்பக்கம் செய்த உபகாரம். ஆனால் கடிதம் எழுதிய சாயங்காலத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் அட்டையும் தாளுமாக உட்கார்ந்திருந்தவரிடம், அந்த ஆள் யார் என்று தெரிந்ததா என்று மனைவி கேட்டாள்.

“நான்தான்.”

அவள் அவரையே பார்த்தாள். அப்புறம் முகத்தின் ஒரு பக்கத்தால் சிரித்தாள். இத்தனை நாள் வாங்கிய திட்டெல்லாம் வீண்போகவில்லை, சேரவேண்டிய இடத்துக்கே சேர்ந்தது என்றாள். அவரும் சிரித்தார். அதற்குமேல் சிரிக்க முடியாமல், எழுதியதை வாசித்துக் காட்டினார்.

“அந்தக் குறிப்பை எழுதியவன் நான். அனுபவம் என்று அதில் சொன்னது என்னுடையதல்ல. என் தாயைச் சில வருடங்கள் தனியாளாகப் பார்த்துக்கொண்ட என் மனைவியுடையது. அவளை நான் கேட்கவில்லை.”

வாசித்து முடித்ததும், அழுகிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தார். அழவில்லை.

“என்னங்க, அதுல ஒண்ணு தப்பா இருக்கு.”

“சொல்லு.”

“சில வருஷம் இல்ல. ஏழு வருஷம், நாலு மாசம்.”

உட்பிரிவு ‘சில’ என்பதை அடித்துவிட்டு அவள் சொன்னபடியே எழுதினார். எழுதிவிட்டு, வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டார். முப்பது வருடம் கழித்துக் கேட்டார். இருந்தது. அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்ததில், தாள் போதவில்லை.