குட்டி மாஸ்டர் கொடுத்த தண்ணீர்

கள்ளக்குறிச்சிக்குச் சாப்பிடப் போனால், என் நாலு வயது மகள் இலக்கியா ஓட்டல் வாசலைவிட்டு நகரமாட்டாள். தோசை மாஸ்டர் காய்ந்த கல்லில் தண்ணீர் தெளிப்பார். அது சொய்யென்று சீறும். இவள் கைதட்டுவாள். கூடச் சேர்ந்து தட்டிய முட்டாள் நான்.

இன்று வீட்டில் இருவரும் வடை சுடக் கிளம்பினோம். மாவில் வெங்காயம் கலந்தது அவள்தான். எண்ணெயைக் காயவைத்துவிட்டு, வாழையிலை நறுக்கக் கொல்லைப்பக்கம் போனேன். திரும்பியவன் கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

முக்காலிமேல் ஏறி, புகையும் எண்ணெய்ச் சட்டிக்கு நேரே தண்ணீர் டம்ளரைப் பிடித்திருந்தாள்.

"அப்பா, நான்தான் மாஸ்டர். தண்ணி தெளிக்கப் போறேன்."

ஓடினாலும் எட்டாது. கத்தினால் பதறிக் கவிழ்த்துவிடுவாள்.

"மாஸ்டர்," என்றேன், சாப்பிட வந்தவன் போல. "வெயில்ல நடந்துகினு வந்தேங்க. மொதல்ல குடிக்கத் தண்ணி குடுங்க."

யோசித்தாள். டம்ளர் சட்டிக்கு மேலேயே ஆடியது. பிறகு மெதுவாக இறங்கிவந்து நீட்டினாள்.

வாங்கிக் குடித்தேன். அடுப்பை அணைத்துவிட்டு அவளை வாரித் தூக்கிக்கொண்டேன்.

குட்டி மாஸ்டர் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க அழுவுறீங்க? தண்ணி பத்தலீங்களா?"