மாடி வீட்டுக் கதவு

தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் உருண்டது. அடுத்து கன்னத்தில் அறை விழும் சத்தம். இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். காலை எட்டு மணி. வரிசையில் இருந்த மற்ற வீடுகளில் டிவி சத்தம் ஒரேயடியாகக் கூடியது. பெயின்டர் வீட்டில் அடி விழும்போதெல்லாம் அப்படித்தான். காதைப் பொத்திக்கொள்வதைவிட அது கௌரவமாக இருந்தது.

பெயின்டரின் மனைவி தையல் கம்பெனியில் வேலை செய்பவள். போன மாதம் கை எலும்பு முறிந்தபோது, வழுக்கி விழுந்ததாகக் கம்பெனியில் சொன்னாள். அந்த எலும்பு எப்படி முறிந்தது என்பது இஸ்திரிக்காரிக்குத் தெரியும். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது அவளை அன்றிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது.

இன்று போய் பெயின்டர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

பெயின்டர் பாதிக் கதவைத் திறந்தான். "என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். நீ நிறுத்துற வரைக்கும் தட்டுவேன்."

"என் பொண்டாட்டி, என் வீடு. பொத்திக்கிட்டுப் போ."

கதவை அவள் முகத்துக்கு நேரே அறைந்து சாத்தினான். அவள் மறுபடி தட்டினாள். எதிர்வீட்டு மீன்காரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து கூடச் சேர்ந்து தட்டினாள். டிவிகள் ஒவ்வொன்றாக அடங்கின. உள்ளே அடியும் நின்றது.

மாடியிலிருந்து வீட்டுக்காரர் பனியனோடு இறங்கி வந்தார். நாலு படி பின்னால் அவர் மனைவி.

"ஏம்மா, இது குடியிருக்கிற இடமா, சந்தைக்கடையா? புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்."

"அவ அலறினது மாடிக்குக் கேக்கல. கதவு தட்டினது மட்டும் கேட்டுடுச்சா சார்?" என்றாள் இஸ்திரிக்காரி.

"வாய் ரொம்ப நீளுது. மானமுள்ளவங்க இருக்கிற இடம் இது. இந்த மாசத்தோட காலி பண்ணிடு."

"நல்லாச் சொன்னீங்கண்ணே!" பெயின்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து இளித்தான். அவன் நிலைப்படியில் ஊன்றியிருந்த கைக்குக் கீழே குனிந்து, கிழிந்த உதட்டோடு தையல்காரி வெளியே வந்தாள். நேராக இஸ்திரிக்காரியின் வீட்டுக்குள் போனாள். பிடிக்கப் போனவனை மீன்காரி மறித்து நின்றாள்.

"இதுக்குத்தான் பொம்பளைங்களுக்கு இடம் கொடுக்கக் கூடாதுங்கறது," என்றார் வீட்டுக்காரர். திரும்பி மனைவியைப் பார்த்தார். "உனக்கென்னடி வேடிக்கை? மேல போ."

அந்த அம்மாள் மேலே போகவில்லை. மீதிப் படிகளையும் இறங்கி, அவரைக் கடந்து, இஸ்திரிக்காரியின் முன்னால் வந்து நின்றாள். இத்தனை வருடத்தில் யாரும் அவள் குரலைக் கேட்டதில்லை.

"மாடிக்கும் வந்து தட்டுவியாம்மா?" என்றாள்.